பழந்துணியும் பனிக்காலமும்
வங்கத்து இல்லங்களில் ஊசி நடத்திய வாழ்வு

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் முன்னோர் மொழி. மாகத்துக் குளிர் புலியின் உடம்பையும் விடாது என்பது வங்காளியர் வழங்கும் பழமொழி. இரண்டும் ஏறக்குறைய ஒரே பருவத்தைப் பற்றியவை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சென்னையில் சனவரித் திங்களின் இரவு வெப்பம் சராசரியாக 21 பாகையை ஒட்டி நிற்கும். 2001 முதல் கொல்கத்தா என்று வழங்கப்பெறும் கல்கத்தாவிலோ அது 14 பாகையை ஒட்டி இறங்கிவிடும். அந்நகரின் அலிப்பூர் வானிலை நிலையம் 1899-ஆம் ஆண்டு சனவரியில் 6.7 பாகை வரை குறைந்த குளிரைக் குறித்து வைத்திருக்கிறது.

பிழைப்பின் பொருட்டு வங்கம் சென்ற தமிழர், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வணிக நிறுவனங்களிலும், ரயில்வே அலுவலகங்களிலும், கணக்குத் துறையிலும் அமர்ந்து, நகரின் தென்பகுதியில் ஏரிச் சந்தையை ஒட்டிய தெருக்களில் குடியேறினர். பருத்தி வேட்டியும் நூற்சேலையும் கொண்டு சென்ற அவர்கள், முதல் மார்கழியிலேயே ஓர் உண்மையை உணர்ந்திருப்பர்: இந்நிலத்தின் குளிர் கொடியதன்று, ஆனால் அதனைப் புறக்கணிக்கவும் இயலாது. ஆண்டில் இரண்டு மூன்று திங்கள் மட்டுமே வந்து போகும் அக்குளிருக்காகப் பெரும் பொருள் செலவிட்டுக் கம்பளி வாங்குவது எளிய குடும்பத்துக்குக் கட்டுப்படியாவதில்லை. வங்கத்துப் பெண்டிர் இந்தச் சிக்கலைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தீர்த்து வைத்திருந்தனர். அவர்களிடம் இருந்த கருவி ஓர் ஊசி. இருந்த மூலப்பொருள் உடுத்துத் தேய்ந்த பழந்துணி. அவ்வூசியின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

வங்கம் ஆறுகளின் நாடு. நெல்லும் பருத்தியும் விளைந்த நாடு. ஆட்டுமயிர் மிகுந்த நாடன்று. நல்ல கம்பளி வடக்கே இமயத்துப் பகுதிகளிலிருந்தும், மேற்கே காசுமீரத்திலிருந்தும் வரவேண்டும். எனவே அது செல்வர் உடைமையாகவே இருந்தது. எளியோர் தம் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் மூன்று நான்கு அடுக்காக விரித்து, ஒன்றாகச் சேர்த்துத் தைத்துப் போர்த்துக் கொண்டனர். அதற்குக் ‘காந்தா’ என்று பெயர். வடமொழியில் ஒட்டுப்போட்ட துணியைக் குறிக்கும் ‘கந்தா’ என்னும் சொல்லே அங்கே காந்தா ஆயிற்று. நம் நாட்டிலோ அதுவே ‘கந்தை’ ஆயிற்று. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நாம் சொல்லும்போது, வங்கத்துப் போர்வையின் உடன்பிறந்த சொல்லைத்தான் உச்சரிக்கிறோம். நாம் அச்சொல்லில் வறுமையைக் கண்டோம். அவர்கள் அதே வறுமையிலிருந்து ஒரு கலையைத் தைத்தெடுத்தனர்.

அது தைக்கப்பெறும் முறை எளியது. பலமுறை துவைத்த துணி கஞ்சியும் விறைப்பும் நீங்கி மென்மையடைந்திருக்கும். அதனைத் தரையில் சுருக்கமின்றி விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நழுவாதபடி ஓரங்களில் பாரம் வைத்து, முதலில் நீண்ட தையல்களால் இறுக்கிக்கொள்வர். பிறகு ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிச் செல்லும் ஓட்டுத் தையலால் துணி முழுவதையும் நிரப்புவர். நூலும் விலைக்கு வாங்கியதன்று. பழைய சேலையின் கரையிலிருந்து உருவிய சிவப்பு, நீலம், கறுப்பு இழைகளே வண்ண நூல்களாயின. நெருக்கமான தையல் துணியில் சிறு சிறு அலைகளை எழுப்பும். அடுக்குகளுக்கிடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. கம்பளி செய்யும் வேலையும் அதுவே. ஆகவே தனித்தனியே குளிருக்கு ஆற்றாத நான்கு மெல்லிய துணிகள், ஒன்றாகத் தைக்கப்பெற்ற பின் குளிரைத் தாங்கும் போர்வையாகின்றன.

இப்போர்வையின் தொன்மைக்கு ஒரு சான்று உண்டு. கிருட்டிணதாச கவிராசர் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலோ பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ இயற்றிய சைதன்ய சரிதாமிருதம் என்னும் நூல் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. கௌட நாட்டுச் சுல்தானிடம் உயர்ந்த பதவி வகித்த சனாதனர், அனைத்தையும் துறந்து சைதன்யரைக் காணக் காசிக்கு வந்தார். வரும் வழியில் அவருடைய உறவினர் குளிருக்காக அளித்த விலையுயர்ந்த ‘போட் கம்பளம்’ ஒன்று அவர் தோளில் கிடந்தது. போட் என்பது இமயத்துப் போட்டியர் நாடு. சைதன்யர் அக்கம்பளத்தையே திரும்பத் திரும்ப நோக்கினார். வாய் திறந்து ஒன்றும் கூறவில்லை. குறிப்பறிந்த சனாதனர் கங்கைக் கரைக்குச் சென்றார். அங்கே ஒரு வங்காள ஏழை தன் காந்தாவைத் துவைத்து உலர்த்திக்கொண்டிருந்தான். கம்பளத்தை அவனிடம் கொடுத்துக் காந்தாவைக் கேட்டார். பெரியவர் தன்னிடம் விளையாடுகிறார் என்று அவன் எண்ணினான். உண்மை என்று தெளிந்த பின்னரே மாற்றிக்கொண்டான். சமயப் பொருள் ஒருபுறம் இருக்கட்டும். அக்காலத்தில் கம்பளி செல்வத்தின் அடையாளமாகவும் காந்தா எளிமையின் அடையாளமாகவும் விளங்கியதை இதைவிடத் தெளிவாகக் கூறும் சான்று வேறு வேண்டுவதில்லை.

காந்தா போர்வையோடு நின்றுவிடவில்லை. குளிர்காலத்துக்குரிய தடித்த ‘லேப் காந்தா’, விருந்தினர் அமர விரிக்கும் ‘சுஜனி’, நூல்களைப் பொதிந்து வைக்கும் ‘பேத்தன்’, கண்ணாடியையும் சீப்பையும் சுருட்டி வைக்கும் ‘ஆர்சிலதா’, பணமும் பாக்கும் வைக்கும் ‘துர்ஜனி’ என்று வீட்டின் ஒவ்வொரு தேவைக்கும் ஒரு காந்தா இருந்தது. நடுவில் தாமரை, நான்கு மூலையிலும் மரமோ மாங்காய் வடிவமோ அமையும். வாசலில் அரிசி மாவால் இடும் ஆல்பனாக் கோலமே இங்குத் துணியில் ஏறியது எனலாம். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உறுத்தும் என்று, பாட்டியின் பழஞ்சேலையில் அதனைக் கிடத்துவது நம் வழக்கம். தூளி கட்டுவதும் பழஞ்சேலையில்தான். வங்கத்திலும் குழந்தை பிறக்குமுன்பே பழந்துணியால் சிறு காந்தாக்களைத் தைத்து வைப்பர். இரண்டு நாட்டுத் தாய்மாரும் ஒருவரை ஒருவர் கேளாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றனர்.

வங்கத்துத் தையலைக் கடல்கடந்த நாடுகளும் அறிந்திருந்தன. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் சப்தகிராமத்திலும் ஊக்ளியிலும் வாணிகம் நடத்திய போர்த்துகேசியர், வெண்பருத்தித் துணிமீது மஞ்சள் நிறக் காட்டுப்பட்டு நூலால் வேட்டைக் காட்சிகளையும் கப்பல்களையும் தைத்த பெரும் விரிப்புகளைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். அவை இன்றும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ளன. ஆனால் அவை விலைக்குத் தைக்கப்பெற்றவை. வீட்டுக் காந்தாவோ விற்பனைக்கு உரியதாக இருந்ததில்லை. அது மகளுக்கும் மருமகனுக்கும் பேரனுக்கும் கொடுக்கும் அன்பளிப்பு. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

சற்று வசதியுடைய இல்லங்களில் காந்தாவுடன் ‘லேப்’ என்னும் பஞ்சுமெத்தைப் போர்வையும் இருந்தது. கார்த்திகை முடியும் தறுவாயில், வில்லைப் போன்ற நீண்ட கருவியைத் தோளில் சுமந்து, அதன் நரம்பைச் சுண்டி ஒலி எழுப்பிக்கொண்டு, பஞ்சு அடிப்போர் கல்கத்தாத் தெருக்களில் வருவர். அவர்களைத் ‘துனுரி’ என்பர். சென்ற ஆண்டின் லேப்பைப் பிரித்து, கட்டிபட்ட பஞ்சை வில்லால் அடித்து மலரச்செய்து, சாலு என்னும் சிவப்புத் துணியில் மீண்டும் நிரப்பி, நீண்ட ஊசியால் தைத்துத் தருவர். அந்த நரம்பொலியே குளிர்காலத்தின் முன்னறிவிப்பாக அந்நகர மாந்தருக்கு விளங்கியது. ஆலையில் செய்த போர்வைகள் பெருகிய பின் அவ்வொலி அருகிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்கத்து ஊசிக்குத் துணையாக மற்றொரு கருவி வந்தது. அது கம்பளி பின்னும் கம்பி. 1821-ஆம் ஆண்டில் கல்கத்தா வந்த மேரி ஆன் குக் அம்மையார் பெண்களுக்கான பள்ளிகளைத் தொடங்கினார். அப்பள்ளிகளில் எழுத்தோடு தையலும் கற்பிக்கப்பட்டது. 1849-இல் பெத்தூன் துரை நிறுவிய பெண்கள் பள்ளியிலும் தையலும் கைவேலையும் பாடங்களாயின. அந்தப்புரங்களுக்குச் சென்று கற்பித்த சமயப் பணிப்பெண்டிர், ஐரோப்பாவில் அக்காலத்தில் பெரிதும் விரும்பப்பட்ட வண்ணக் கம்பளி வேலையைப் பழக்கினர். வங்க மகளிர் அதனைக் ‘கார்ப்பெட்’ வேலை என்றனர். கணவனுக்குக் கம்பளிக் காலணி பின்னித் தருவது கற்ற பெண்ணின் அடையாளமாயிற்று. நம் தெற்கிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் தொடங்கிய பின்னல் வேலை, எத்தனையோ ஏழைப் பெண்களுக்குக் கூலியையும் தன்மதிப்பையும் ஈட்டித் தந்தது.

கம்பளி நூல் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது ஆலைகளால். 1876-இல் கான்பூரிலும், 1880-இல் பஞ்சாபின் தாரிவாலிலும் தோன்றிய ஆலைகள் படைவீரர்க்கும் பிறர்க்கும் கம்பளி வழங்கின. இரண்டு உலகப் போர்களிலும் ஆங்கிலப் பேரரசு முழுவதும் பெண்கள் வீரர்களுக்காகக் காலுறையும் கழுத்துத்துணியும் குல்லாயும் பின்னினர். முகம் மட்டும் தெரியத் தலையையும் காதையும் கழுத்தையும் மூடும் அக்குல்லாய்க்கு ஆங்கிலேயர் இட்ட பெயர், 1854-இல் கிரைமியப் போர் நடந்த பாலக்கிளாவா என்னும் ஊரின் பெயர். கல்கத்தாவில் அதுவே ‘மங்கி டூப்பி’, அதாவது குரங்குக் குல்லாய் ஆயிற்று. காற்று சற்றே குளிர்ந்தவுடன் வங்காளியர் அதனை அணிந்துகொள்வதாகப் பிற மாநிலத்தார் நகையாடுவர். நகையாடியவரே இரண்டாம் ஆண்டில் அதனை வாங்கி அணிவதும் உண்டு. இமயத்தாருடன் இருந்த பழைய கம்பளி உறவும் அற்றுப் போகவில்லை. 1959-க்குப் பின் இந்நாட்டில் அடைக்கலம் புகுந்த திபெத்தியர், குளிர்காலந்தோறும் வெல்லிங்டன் சதுக்கத்தருகே கம்பளி ஆடைகளை விற்கும் கடைகளை அமைத்தனர். மக்கள் அவர்களையும் பூட்டியர் என்றே அழைத்தனர். சனாதனரின் போட் கம்பளம் வந்த வழியில்தான் இதுவும் வந்தது.

இனி நம் வரலாற்றின் நெஞ்சப் பகுதிக்கு வருவோம். ஊசி வங்கப் பெண்ணுக்குப் போர்வை மட்டும் தரவில்லை. சில வேளைகளில் உணவும் தந்தது. இளமையில் கணவனை இழந்தோர் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்ந்த காலம் அது. விஞ்ஞானி சகதீச சந்திர போசின் துணைவியாராகிய அபலா போசு 1919-இல் நாரீ சிட்சா சமிதியை நிறுவிக் கல்வியும் கைத்தொழிலும் பரப்பினார். ஊர்தோறும் மகளிர் சங்கம் அமைக்கப் பாடுபட்ட சரோச நளினி தத்தர் 1925-இல் மறைந்தபோது, அவர் பெயரால் ஒரு நினைவுச் சங்கம் அவ்வாண்டே கல்கத்தாவில் தோன்றிப் பெண்களுக்குத் தையலும் வெட்டும் முறையும் கற்பித்தது. தாகூர் 1922-இல் தொடங்கிய சிறீநிகேதனத்தில் கிராமத்துக் கைவேலைகள் புதுவாழ்வு பெற்றன.

தையல் இயந்திரத்துக்கும் இந்நகர வரலாற்றில் இடமுண்டு. முதலில் எல்லாம் அயல்நாட்டு இயந்திரங்களே. 1935-இல் கல்கத்தாவில் தொடங்கிய ஜெய் இன்ஜினியரிங் நிறுவனம் ‘உஷா’ என்னும் பெயரில் இந்நாட்டிலேயே தையல் இயந்திரம் செய்யலாயிற்று. அதன் தொழிற்சாலை, தமிழர் மிகுதியாக வாழ்ந்த ஏரிப் பகுதிக்குத் தெற்கே, பிரின்சு அன்வர் ஷா சாலையில் இருந்தது. நம் ஊர்ப் பக்கத்து வீடுகளிலும் மணப்பெண்ணோடு சென்ற உஷா இயந்திரங்கள் பல அங்குப் பிறந்தவையே. பின்னர் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. அந்நிலத்தில் இன்று சவுத் சிட்டி என்னும் வானளாவிய குடியிருப்புகளும் 2008-இல் திறந்த பெரும் அங்காடியும் நிற்கின்றன.

இயந்திரமும் ஆலைப் போர்வையும் வந்தபின் காந்தா மறையத் தொடங்கியது. அது அறவே அழியாமல் காத்தவர்களுள் சரோச நளினியின் கணவராகிய குருசதய தத்தர் முதன்மையானவர். ஆட்சிப் பணியாளராகிய அவர் வங்கத்துக் கிராமங்களில் சுற்றியபோது, பழந்துணி என்று ஒதுக்கப்பட்ட காந்தாக்களை அருமையறிந்து திரட்டினார். அவர் 1941-இல் மறைந்தார்; அவருடைய திரட்டு கல்கத்தாவின் தென்எல்லையில் சோக்கா என்னுமிடத்தில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த கலை அறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் 1939-இல் காந்தா பற்றி ஆழ்ந்த கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அவர் திரட்டியவை இன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. கவிஞர் சசிமுத்தீன் 1929-இல் வெளியிட்ட ‘நக்சி காந்தார் மாட்’ என்னும் காவியம், கணவனைப் பிரிந்த பெண்ணொருத்தி தன் வாழ்வையே காந்தாவில் தைப்பதைப் பொருளாகக் கொண்டது.

சோக்கா அருங்காட்சியகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு காந்தா உண்டு. மானதசுந்தரி தாசி என்னும் பெண் தன் தந்தைக்காகத் தைத்தது அது. தன் பெயரையும் அதில் எழுத்தாகத் தைத்திருக்கிறாள். சிப்பாய்களும் அக்கால மாந்தரும் அதில் நடமாடுகின்றனர். ஆயிரமாயிரம் காந்தாக்களில் பெயர் பொறித்தவை மிகச் சிலவே. ஏனையோர் வீட்டுவேலை முடிந்த நண்பகலில், சோர்ந்த கண்களோடு, ஒரு துணிக்குத் திங்கள்களும் சிலபோது ஆண்டுகளும் செலவிட்டனர், பெயரின்றி மறைந்தனர். அரசர் வெட்டிய கல்வெட்டைப் படித்து வரலாறு எழுதுகிறோம். இப்பெண்கள் துணியில் எழுதிய வரலாற்றைப் படிக்க நாம் இன்னும் போதிய அளவு பழகவில்லை.

1947-ஆம் ஆண்டின் பிரிவினை இவ்வரலாற்றில் ஆழ்ந்த வடுவாகும். காந்தாவுக்குப் புகழ்பெற்ற யசோர், குல்னா, பரீத்பூர், இராச்சாகி, மைமன்சிங் ஆகிய மாவட்டங்களின் பெரும்பகுதி எல்லைக்கு அப்பால் சென்றன. அங்கிருந்து அடைக்கலம் தேடிக் கல்கத்தா வந்த குடும்பங்களில், எத்தனையோ பெண்கள் வாழ்வில் முதன்முறையாகக் கூலிக்குத் தைக்க நேர்ந்தது. அன்பளிப்பாக இருந்த ஊசிவேலை அடுப்பு எரிக்கும் தொழிலாயிற்று.

1980-களில் ஷாம்லு துதேஜா முதலியோர் முயற்சியால் காந்தாத் தையல் பட்டுச்சேலையிலும் மேலாடையிலும் ஏறிப் பெருநகரக் கடைகளுக்கு வந்தது. 2008-இல் வங்கத்து நக்சி காந்தா புவிசார் குறியீடு பெற்றது. சோனார்பூரைச் சேர்ந்த பிரீதிகணா கோஸ்வாமி 2023-இலும், பீர்பூம் மாவட்டத்துத் தக்தீரா பேகம் 2024-இலும் இக்கலைக்காகப் பத்மசிறீ விருது பெற்றனர். மகிழத்தக்க செய்திகளே இவை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடையில் உயர்ந்த விலைக்கு விற்கும் சேலையில், தைத்த பெண்ணின் கூலி எவ்வளவு என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. அன்று பெயர் இல்லை. இன்று கடையின் பெயர் இருக்கிறது, கையின் பெயர் இல்லை. வாங்குவோர் கேட்கத் தொடங்கினாலன்றி இக்குறை தீராது. தைத்தவர் யார், அவருக்குக் கிடைத்தது யாது என்று கேட்பது வாங்குவோரின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு ஒரு பயிற்சியையும் தருகிறது. நம் ஒவ்வோர் இல்லத்திலும் எறிய மனம் வராத நூற்சேலையும் வெள்ளை வேட்டியும் பெட்டியின் அடியில் உறங்குகின்றன. அவற்றைக் கொண்டு எளிய குளிர்காலத் துணிகளைத் தைக்கலாம். கழுத்துத்துணிக்கு ஐந்தடி நீளமும் பத்தங்குல அகலமும் போதும். நன்கு துவைத்து உலர்த்திய துணியை மூன்று அடுக்காக வைத்து, உட்புறம் வைத்து விளிம்பைத் தைத்துத் திருப்பி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீண்ட தையலிட்டு இறுக்கிக்கொள்க. பின்னர் அரை அங்குல இடைவெளியில் வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் இடுக. நூலை மிக இறுக்கினால் துணி சுருங்கி விறைக்கும். தளர்த்தினால் அடுக்குகள் நழுவும். காதை மூடும் பட்டைக்குத் தலையின் சுற்றளவும் நான்கங்குல அகலமும் வேண்டும். முதியோர் முழங்காலில் போர்த்த ஒரு கசம் சதுரம் ஏற்றது. மெலிந்து கிழியும் நிலையிலுள்ள பகுதியை நடு அடுக்கில் வைத்து, உறுதியான பகுதியை வெளியே வைத்தல் நலம். கரையின் வண்ண இழையை உருவி மூலையில் ஒரு சிறு கோலம் இடலாம். புள்ளிக் கோலம் அறிந்த கைக்கு அது அரிதன்று.

இதனால் மிச்சமாகும் பணம் சிறிதே என்பதை நாம் அறிவோம். கடைத்தெருவில் இதனினும் விரைவாக ஒரு துணி கிடைக்கும். ஆனால் தஞ்சையிலோ நெல்லையிலோ தாயார் உடுத்திய சேலை, கங்கைக் கரையில் பேரனின் கழுத்தைக் காக்கும்போது, இரண்டு நாடுகளுக்கிடையே உள்ள தொலைவு சற்றுக் குறைகிறது. வந்த நாட்டின் தையலால் பிறந்த நாட்டின் துணியைச் சேர்ப்பது, குடிபெயர்ந்தோர் செய்யக்கூடிய நற்செயல்களுள் ஒன்று. அப்படித் தைத்து முடித்த துணியின் மூலையில், மானதசுந்தரியைப் போலத் தைத்தவர் பெயரையும் ஆண்டையும் நான்கு தையலில் எழுதி வையுங்கள். நம் பெண்களின் கைவேலை இனியேனும் பெயரோடு நிற்கட்டும்.